காதில் விழுதலும் காது கொடுத்தலும்

நுழையும்முன்

ஒரே வகுப்பறை, ஒரே ஆசிரியர், ஒரே பாடம். ஒருவர் காதில் விழுந்த சொல் மனத்தில் பதிகிறது. அருகில் இருப்பவர் காதில் விழுந்த அதே சொல் தடமின்றி மறைகிறது. இருவர் செவியையும் அடைந்தது ஒரே ஒலிதான் என்றால், வேறுபாடு எங்கே நிகழ்ந்தது? செவியிலா, மூளையிலா, அதற்கும் அப்பாலா? ‘கவனம்’ என்று நாம் எளிதாகச் சொல்லிக் கடந்துவிடும் ஒன்றை அளந்து பார்க்க முடியுமா? மூளை எழுப்பும் நுண்மின்னோட்டத்தின் வழியே இவ்வினாக்களுக்கு விடை தேடிய அறிவியலாளர்களின் முயற்சியையும், அவ்விடைகள் எழுப்பிய அறம்சார்ந்த வினாக்களையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

மொழி அறிந்த வேறுபாடு

‘காதில் விழுந்தது, மனத்தில் ஏறவில்லை’ என்பது நம் வீடுகளில் அன்றாடம் ஒலிக்கும் தொடர். ‘காதில் விழுதல்’ நம் விருப்பத்தைக் கேளாமலே நிகழ்வது. ‘காது கொடுத்தல்’ நாம் முனைந்து செய்வது. முன்னதில் ஒலி நம்மைத் தேடி வருகிறது. பின்னதில் நாம் ஒலியைத் தேடிச் செல்கிறோம். கேட்டல் என்னும் ஒரு செயலுக்குள் இவ்விரு நிலைகளும் இருப்பதை உணர்ந்தே நம் மொழி அவற்றுக்குத் தனித்தனிச் சொல்லாட்சிகளை வழங்கியிருக்கிறது. திருவள்ளுவர் கல்வியைப் பற்றி ஓர் அதிகாரம் அமைத்ததோடு நில்லாமல், ‘கேள்வி’ என மற்றோர் அதிகாரமும் வகுத்திருப்பதை இங்கு நினைவுகூரலாம்.

மொழி அறிந்திருந்த இவ்வேறுபாட்டை ஆய்வகத்தில் காண்பது எளிதாக இருக்கவில்லை. கவனம் கண்ணுக்குத் தெரிவதன்று. எடைபோடத் தக்கதும் அன்று. ஒருவர் கவனிக்கிறாரா என்பதை அறிய அவரையே கேட்க வேண்டியிருந்தது. அவர் சொல்லும் விடையோ நினைவை நம்பியது. நினைவு பிழைபடக் கூடியது. ஆகவே, ஒருவர் வாய் திறப்பதற்கு முன்னரே அவர் மூளையில் என்ன நிகழ்கிறது என்பதை அறியும் வழி தேவைப்பட்டது.

மூளையின் நுண்மின்னோட்டம்

மூளையிலுள்ள நரம்பணுக்கள் ஒன்றோடொன்று வேதிப்பொருள்களாலும் மின்னோட்டத்தாலும் செய்தி பரிமாறிக்கொள்கின்றன. ஒரு நரம்பணு எழுப்பும் மின்னழுத்தம் மிகச் சிறியது. அது தலையின் மேற்பரப்பை எட்டாது. ஆயினும், ஒரே திசையில் அமைந்த பல்லாயிரக்கணக்கான நரம்பணுக்கள் ஒருசேரச் செயற்படும்போது அவற்றின் மின்னழுத்தங்கள் ஒன்றுகூடுகின்றன. அக்கூட்டு விளைவு மண்டையோட்டையும் தோலையும் கடந்து வெளியே வருகிறது.

விலங்குகளின் மூளையில் மின்னோட்டம் உண்டு என்பதை இங்கிலாந்தின் லிவர்பூல் நகர மருத்துவர் ரிச்சர்டு கேட்டன் 1875ஆம் ஆண்டு அறிவித்தார். முயல், குரங்கு ஆகியவற்றின் மூளையை மின்னோட்டமானி கொண்டு ஆராய்ந்த அவர், விலங்கின் கண்ணில் ஒளி படும்போது மூளையின் மின்னோட்டம் மாறுவதையும் கண்டார்.

மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலில் பதிவு செய்தவர் செருமனியின் ஜெனா நகரில் பணியாற்றிய மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். இளமையில் படைப்பயிற்சியின்போது குதிரையிலிருந்து தவறி விழுந்த அவர், பீரங்கி வண்டியின் சக்கரத்தில் சிக்காமல் நூலிழையில் உயிர் தப்பினார். அன்று மாலையே அவருடைய நலம் விசாரித்துத் தந்தையிடமிருந்து தந்தி வந்தது. தொலைவில் இருந்த தமக்கை, தம்பிக்கு ஏதோ இடர் நேர்ந்ததாக உணர்ந்து வற்புறுத்தியதால் அத்தந்தி அனுப்பப்பட்டது. மனத்தின் ஆற்றல் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் செல்லக்கூடுமோ என்னும் ஐயம் பெர்கரை வாழ்நாள் முழுவதும் விடவில்லை. அவர் தேடியது கிடைக்கவில்லை. ஆனால், தேடிய வழியில் வேறொன்று கிடைத்தது. 1924ஆம் ஆண்டு மனித மூளையின் மின்னலைகளை அவர் பதிவு செய்தார். ஐந்தாண்டுகள் மீண்டும் மீண்டும் சரிபார்த்த பின்னரே, 1929ஆம் ஆண்டு அதை வெளியிட்டார். இ.இ.ஜி. என்று இன்று மருத்துவமனைகளில் வழங்கும் மூளை மின்னலை வரைவு இவ்வாறு பிறந்தது.

கண்களை மூடி அமைதியாக இருப்பவரின் மூளையில் நொடிக்கு ஏறத்தாழ 10 முறை ஏறி இறங்கும் அலை தோன்றுவதைப் பெர்கர் கண்டார். இதற்கு அவர் ‘ஆல்ஃபா அலை’ எனப் பெயரிட்டார். கண்களைத் திறந்தவுடன் அவ்வலை தாழ்ந்தது. கண்களை மூடியிருக்கும்போதே மனக்கணக்குப் போடச் சொன்னபோதும் அது தாழ்ந்தது. மனம் ஒன்றில் ஊன்றும்போது மூளையின் மின்னலை மாறுகிறது என்பதற்குக் கிடைத்த தொடக்கக்காலச் சான்றுகளுள் இது முதன்மையானது. இவருடைய கண்டுபிடிப்பைப் பலர் ஐயுற்றனர். 1934ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜில் நோபல் பரிசாளர் எட்கர் ஏட்ரியனும் மேத்யூசும் அதே அலையைப் பதிவு செய்து உறுதிப்படுத்திய பின்னரே அறிவியல் உலகம் அதை ஏற்றுக்கொண்டது.

தெரியுமா?

மூளை மின்னலையின் அளவை மைக்ரோவோல்ட் என்னும் அலகால் குறிப்பர். ஒரு வோல்ட்டைப் பத்து இலட்சம் கூறுகளாக்கினால் ஒரு கூறு ஒரு மைக்ரோவோல்ட் ஆகும். கைவிளக்கில் இடும் மின்கலம் ஒன்றின் மின்னழுத்தம் 1.5 வோல்ட், அதாவது, 15 இலட்சம் மைக்ரோவோல்ட். தலையின் மேற்பரப்பில் பதிவாகும் மூளை மின்னலையோ பெரும்பாலும் 10 முதல் 100 மைக்ரோவோல்ட் அளவே இருக்கும்.

இரைச்சலுக்குள் ஒரு குரல்

ஒரு மணியோசை காதில் விழுகிறது. அதற்கு மூளை மறுமொழி தருகிறது. அம்மறுமொழியின் அளவு சில மைக்ரோவோல்ட் மட்டுமே. ஆனால், அதே நேரத்தில் மூளையில் இடையறாது ஓடிக்கொண்டிருக்கும் பின்னணி அலைகளோ அதைப்போலப் பன்மடங்கு பெரியவை. கண் இமைத்தாலும் பல்லைக் கடித்தாலும் எழும் மின்னலைகள் அவற்றினும் பெரியவை. இத்தகைய இரைச்சலுக்குள் மறைந்த சிறு மறுமொழியைப் பிரித்தெடுப்பது எவ்வாறு?

திருவிழாக் கூட்டத்தின் ஆரவாரத்துக்கிடையே தொலைவில் ஒரு மணி ஒலிப்பதாகக் கொள்வோம். ஒருமுறை பதிவு செய்தால் மணியோசை கூட்டத்தின் இரைச்சலில் கரைந்துபோகும். மணி அடிக்கப்படும் கணத்தையே தொடக்கமாகக் கொண்டு நூறுமுறை பதிவு செய்து, அப்பதிவுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சராசரி கண்டால் என்ன ஆகும்? கூட்டத்தின் இரைச்சல் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக இருப்பதால், ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று ஈடுசெய்து அடங்கும். மணியோசையோ ஒவ்வொரு முறையும் அதே கணத்தில் அதே வடிவில் வருவதால் அடங்காமல் நிற்கும்.

மூளை மறுமொழிகளைப் பிரித்தெடுக்கவும் இதே வழி பின்பற்றப்படுகிறது. இலண்டனில் பணியாற்றிய ஜார்ஜ் டாசன் இதற்கெனச் சராசரி காணும் கருவி ஒன்றை உருவாக்கி 1951ஆம் ஆண்டு செய்து காட்டினார். கணினி பரவலாகாத காலத்தில் நிகழ்ந்த அருஞ்செயல் இது. இக்கணக்கின் அடிப்படை எளிது. பதிவுகளின் எண்ணிக்கை கூடக்கூட, இரைச்சல் அவ்வெண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் குறைகிறது. 100 பதிவுகளின் சராசரியில் இரைச்சல் பத்தில் ஒரு பங்காகும். 50 மைக்ரோவோல்ட் இரைச்சல் 5 மைக்ரோவோல்ட்டாகச் சுருங்கும். 400 பதிவுகளில் அது 2.5 மைக்ரோவோல்ட்டாகக் குறையும். அப்போது 5 மைக்ரோவோல்ட் மறுமொழி தெளிவாகத் தலைதூக்கும். இவ்வாறு பெறப்படும் மறுமொழியை ‘நிகழ்வுசார் மின்னழுத்தம்’ என்பர்.

இம்முறையின் தனிச்சிறப்பு காலத்துல்லியம். ஒலி எழுந்த கணத்திலிருந்து ஒவ்வொரு மில்லிநொடியிலும் மூளையில் நிகழும் மாற்றத்தை இது காட்டுகிறது. ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கே மில்லிநொடி. ஆனால், அம்மாற்றம் மூளையின் எப்பகுதியில் எழுந்தது என்பதை இம்முறை துல்லியமாகக் காட்டுவதில்லை. மண்டையோட்டைக் கடந்து வரும்போது மின்னலை பரவி மங்கிவிடுவதே இதற்குக் காரணம். ‘எப்போது’ என்னும் வினாவுக்குத் தெளிவான விடையும், ‘எங்கே’ என்னும் வினாவுக்கு மங்கலான விடையும் தருவது இதன் இயல்பு.

இரு செவிகள், இரு செய்திகள்

காலின் செர்ரி என்னும் அறிஞர் தாம் செய்த எளிய சோதனை ஒன்றை 1953ஆம் ஆண்டு வெளியிட்டார். கேட்பவரின் வலச்செவியில் ஒரு பேச்சும் இடச்செவியில் வேறொரு பேச்சும் ஒரே நேரத்தில் ஒலிக்கச் செய்தார். ஒரு செவியில் கேட்பதை மட்டும் உடனுக்குடன் திருப்பிச் சொல்லுமாறு பணித்தார். கேட்டவர்கள் அதைச் செவ்வனே செய்தனர். ஆனால், மறுசெவியில் என்ன பேசப்பட்டது என்று வினவியபோது அவர்களால் சொல்ல இயலவில்லை. ஆண்குரல் பெண்குரலாக மாறியதை அறிந்தவர்கள், பேச்சு ஆங்கிலத்திலிருந்து செருமன் மொழிக்கு மாறியதை அறியவில்லை.

இதை விளக்க முற்பட்ட டொனால்டு பிராட்பெண்ட், மூளையின் நுழைவாயிலில் ஒரு வடிகட்டி இருப்பதாகவும், கவனிக்கப்படாத செய்தி அங்கேயே தடுக்கப்படுவதாகவும் 1958ஆம் ஆண்டு கூறினார். அடுத்த ஆண்டே இக்கருத்துக்கு ஒரு சிக்கல் எழுந்தது. கவனிக்கப்படாத செவியில் கேட்பவரின் சொந்தப் பெயரைச் சொன்னபோது, மூவரில் ஒருவர் அளவில் அதை அறிந்துகொண்டதாக நெவில் மோரே கண்டறிந்தார். வாயில் அடைக்கப்பட்டிருந்தால் பெயர் மட்டும் எப்படி நுழைந்தது? கவனிக்கப்படாத செய்தி தடுக்கப்படுவதில்லை. மட்டுப்படுத்தப்படுகிறது என ஆன் டிரீஸ்மன் விடை கூறினார். வேறு சிலரோ, எல்லாச் செய்திகளும் பொருள் அறியும் நிலை வரை உள்ளே செல்கின்றன. தேர்வு அதன் பின்னரே நிகழ்கிறது என்றனர்.

கவனம் தொடக்கத்திலேயே தேர்ந்தெடுக்கிறதா, முடிவிலா? கேட்பவரின் வாய்மொழியை மட்டும் கொண்டு இவ்வழக்கைத் தீர்க்க இயலவில்லை. செய்தி மூளைக்குள் செல்லும் வழியிலேயே அதைப் பார்க்க வேண்டியிருந்தது.

பத்தில் ஒரு நொடி

1973ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழக சான்டியாகோ வளாகத்தில் ஸ்டீவன் ஹில்யார்டும் அவருடைய குழுவினரும் நடத்திய ஆய்வு இவ்வழக்கில் திருப்புமுனையாக அமைந்தது. பங்கேற்ற பத்துப் பேரின் இடச்செவியில் தாழ்ந்த சுருதியும் வலச்செவியில் உயர்ந்த சுருதியும் கொண்ட சிற்றொலிகள் விரைவாக ஒலிக்கப்பட்டன. அவற்றுக்கிடையே அரிதாக, சற்றே சுருதி உயர்ந்த ஒலி ஒன்றும் வரும். ஒரு செவியை மட்டும் கவனித்து அதில் வரும் அரிய ஒலிகளை மனத்துக்குள் எண்ண வேண்டும் என்பதே பணி. பின்னர், மறுசெவியைக் கவனிக்குமாறு கூறி அதே ஒலிகள் மீண்டும் ஒலிக்கப்பட்டன.

இச்சோதனையின் நுட்பத்தை ஊன்றி நோக்க வேண்டும். முன்னர் நடந்த சில ஆய்வுகளில் ஒலிகள் ஒழுங்கான வரிசையில் வந்தன. எனவே, கவனிக்க வேண்டிய ஒலி வருமுன்னரே கேட்பவர் விழிப்புற்றுக் காத்திருக்கக் கூடும். அந்நிலையில், மூளை மறுமொழி பெரிதானால் அது தேர்ந்தெடுத்த கவனத்தின் விளைவா, பொதுவான விழிப்பின் விளைவா என்று சொல்ல முடியாது. ஹில்யார்டின் சோதனையில் அடுத்த ஒலி எச்செவியில், எக்கணத்தில் வரும் என்பதை யாராலும் ஊகிக்க இயலாது. ஆகவே, பொதுவான விழிப்பு இரு செவிக்கும் சமமாகவே இருக்கும். ஒலியும் மாறவில்லை, செவியும் மாறவில்லை, உரப்பும் மாறவில்லை. மாறியது ஒன்றே: காது கொடுத்தல்.

விடை தெளிவாக வந்தது. ஒலி எழுந்து 80 முதல் 110 மில்லிநொடிக்குள் தோன்றும் ‘என்1’ என்னும் எதிர்மின் அலை, கவனித்த செவியின் ஒலிகளுக்குப் பெரிதாகவும் கவனிக்காத செவியின் ஒலிகளுக்குச் சிறிதாகவும் இருந்தது. கவனித்த செவியில் வந்த அரிய ஒலிக்கு மட்டும், 250 முதல் 400 மில்லிநொடிக்குள் பெரியதொரு நேர்மின் அலையும் எழுந்தது.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்பட்டன. முதலாவது, ஒலி எழுந்து பத்தில் ஒரு நொடி கழிவதற்குள்ளேயே கவனம் தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது. இரண்டாவது, தேர்வு ஒரே படியில் முடிவதில்லை. முதலில், ‘எந்தச் செவி’ என்னும் தேர்வு நிகழ்கிறது. பின்னர், ‘நான் தேடும் ஒலி இதுவா’ என்னும் தேர்வு நிகழ்கிறது. கவனிக்கப்படாத ஒலிக்கும் ‘என்1’ அலை எழத்தான் செய்தது. அதன் அளவே குறைந்தது. வாயில் அடைபடுவதில்லை, ஒருக்களிக்கப்படுகிறது என்னும் கருத்துக்கு இது வலுவூட்டியது.

தெரியுமா?

கவனகம் எனவும் அவதானம் எனவும் வழங்கும் கலை தமிழகத்தில் போற்றப்பட்ட ஒன்று. ஒரே நேரத்தில் எட்டுச் செயல்களில் கவனம் செலுத்துபவர் அட்டாவதானி. நூறு செயல்களில் செலுத்துபவர் சதாவதானி. கன்னியாகுமரி மாவட்டத்து இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர், 1907ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் சென்னை விக்டோரியா அரங்கில் நூறு செயல்களை ஒரே நேரத்தில் செய்து காட்டிச் ‘சதாவதானி’ என்று பாராட்டுப் பெற்றார். பாடல் புனைந்துகொண்டிருக்கும்போதே இடையிடையே ஒலிக்கும் மணியோசையை எண்ணி இறுதியில் சொல்வது அவதானக் கூறுகளுள் ஒன்று. அரிய ஒலிகளை மனத்துக்குள் எண்ணச் செய்யும் ஆய்வகச் சோதனையோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

வியப்பின் அலை

கவனித்த செவியின் அரிய ஒலிக்கு எழுந்த அந்த நேர்மின் அலைக்குத் தனி வரலாறு உண்டு. 1965ஆம் ஆண்டு சாமுவேல் சட்டனும் உடனாய்வாளர்களும், அடுத்து வருவது ஒலியா ஒளியா என்று உறுதியாகத் தெரியாத நிலையில் மூளையின் மறுமொழியை ஆராய்ந்தனர். எதிர்பாராதது வந்தபோது, ஏறத்தாழ 300 மில்லிநொடியில் பெரிய நேர்மின் அலை எழுந்தது. நேர்மின்னைக் குறிக்கும் எழுத்தையும் காலத்தையும் இணைத்து ‘பி300’ என்று அதற்குப் பெயர் வழங்கலாயிற்று.

1967ஆம் ஆண்டு அதே குழுவினர் மேலும் வியப்பான ஒன்றைக் கண்டனர். ஒலி வரக்கூடிய கணத்தில் ஒலி வராமல் போனாலும் அவ்வலை எழுந்தது. செவியைத் தூண்ட எதுவும் இல்லாதபோதும் மூளை மறுமொழி தந்தது. ஏனெனில், அந்த மௌனமும் ஒரு செய்தியே. ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரத்தின் ஓசையை நாம் கேட்பதில்லை. அது நின்றவுடன் திரும்பிப் பார்க்கிறோம் அல்லவா? வெளியிலிருந்து வரும் தூண்டலுக்கு மட்டுமன்றி, அத்தூண்டல் நமக்கு உணர்த்தும் பொருளுக்கும் மூளை மறுமொழி தருகிறது என்பதை இது காட்டியது.

இதற்கு மறுதலையான அலையும் உண்டு. பின்லாந்து அறிஞர் ரிஸ்டோ நாட்டனனும் உடனாய்வாளர்களும் 1978ஆம் ஆண்டு அதை விளக்கினர். ஒரே மாதிரியான ஒலிகள் தொடர்ந்து வரும்போது நடுவில் ஒன்று மாறினால், கேட்பவர் அதைக் கவனிக்காவிட்டாலும், மூளை சிறியதோர் எதிர்மின் அலையால் அம்மாற்றத்தைக் குறித்துக்கொள்கிறது. புத்தகம் படித்துக்கொண்டிருப்பவரிடமும் உறங்கும் பச்சிளங்குழந்தையிடமும் இம்மறுமொழியைக் காண முடிகிறது. காது கொடுக்காதபோதும், காதில் விழுந்ததை மூளை முற்றிலும் புறக்கணிப்பதில்லை. வாயிற்காவலர் உறங்குவதே இல்லை.

அலை பேசும் மொழி

இவ்வாய்வுகள் ஆய்வகத்தோடு நின்றுவிடவில்லை. தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் படிப்படியாகச் செயலிழக்கும் நோய்க்கு ஆளானோர் சிலர், காலப்போக்கில் கையசைக்கவும் பேசவும் இயலாதவராகின்றனர். ஆனால், அவர்களுள் பலருடைய அறிவு தெளிவாகவே இருக்கிறது. சொல்ல நினைப்பதைச் சொல்ல வழியின்றி உள்ளே அடைபட்டிருப்பதன் துயரம் சொல்லில் அடங்காதது.

1988ஆம் ஆண்டு அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் ஃபார்வெலும் இமானுவேல் டான்சினும் இத்தகையோருக்கு ஒரு வழியைக் காட்டினர். கணினித் திரையில் ஆறு வரிசையும் ஆறு நெடுவரிசையுமாக 36 கட்டங்களில் எழுத்துகளும் கட்டளைகளும் அமைந்திருக்கும். வரிசைகளும் நெடுவரிசைகளும் ஒழுங்கற்ற முறையில் மாறிமாறி ஒளிரும். பயன்படுத்துபவர் தாம் விரும்பும் எழுத்தை மட்டும் மனத்தில் கொண்டு, அது ஒளிரும் முறைகளை எண்ண வேண்டும். பன்னிரண்டு ஒளிர்வுகளுள் அவ்வெழுத்து இருக்கும் வரிசையும் நெடுவரிசையும் ஒளிரும் இருமுறை மட்டுமே பி300 அலை பெரிதாக எழும். அவ்விரண்டும் வெட்டும் கட்டத்திலுள்ள எழுத்தே அவர் நினைத்த எழுத்து. தொடக்கத்தில் நிமிடத்திற்கு இரண்டு எழுத்துகளுக்குச் சற்று மிகுதியாகவே எழுத முடிந்தது. வாய்பேச முடியாத ஒருவருக்கு, நிமிடத்திற்கு இரண்டு எழுத்து என்பது சிறிய அளவன்று. பிற்காலத்தில், நோயால் உடல் செயலிழந்த அறிவியலாளர் ஒருவர் இக்கருவியை வீட்டிலேயே ஈராண்டுகளுக்கும் மேலாக நாள்தோறும் பயன்படுத்தித் தம் ஆய்வகப் பணியைத் தொடர்ந்தார் என்பது 2010ஆம் ஆண்டு பதிவாகியுள்ளது.

சாலையில் செல்லும் அனைவருக்கும் உரிய பாடம் ஒன்றையும் இவ்வலை கற்பித்துள்ளது. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்டிரேயரும் ஃபிராங்க் டிரூஸும் 2007ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், செயற்கைச் சாலைச் சூழலில் வண்டி ஓட்டியவர்களின் மூளை மறுமொழிகள் பதிவு செய்யப்பட்டன. முன்னே செல்லும் வண்டியின் தடை விளக்கு எரிந்தபோது எழும் பி300 அலை, ஓட்டுநர் கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தபோது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அவர்கள் கைகளில் கைப்பேசியைப் பிடித்திருக்கவில்லை என்பது கருதத்தக்கது. கண்கள் சாலையில் இருந்தன. கைகள் திசைமாற்றியில் இருந்தன. மனம் மட்டும் பேச்சில் இருந்தது. கண்ணில் பட்டது கருத்தில் படவில்லை.

மனத்தின் வாயிலில் சட்டம்

பயன்தரும் கருவி எதுவும் பயன்படுத்துவோரைப் பொறுத்தே நன்மையாகவோ தீமையாகவோ ஆகிறது. ஒருவர் முன்பே அறிந்த, தமக்குப் பொருளுடைய ஒன்றைக் காணும்போது பி300 எழுகிறது என்றால், குற்றம் நிகழ்ந்த இடத்தின் படத்தைக் காட்டி, அதை அவர் அறிவாரா என்று மூளையிடமே கேட்டுவிடலாமே என்னும் எண்ணம் சிலருக்கு எழுந்தது. இந்தியாவிலும் குற்றப் புலனாய்வில் இத்தகைய மூளை மின்னலைச் சோதனைகள் பயன்படுத்தப்பட்டன.

இங்கே அறிவியலின் எல்லையை உணர வேண்டும். ஒன்று ஒருவருக்குத் தனித்துத் தெரிகிறது என்பதை மட்டுமே இவ்வலை சொல்லும். ஏன் என்று சொல்லாது. ஓர் இடத்தைக் குற்றம் செய்தவரும் அறிவார். குற்றத்தைக் கண்டவரும் அறிவார். செய்தித்தாளில் படித்தவரும் அறிவார். மேலும், அலையின் அளவு ஆளுக்கு ஆள் வேறுபடும். களைப்பு, அகவை, பணியின் கடினம் ஆகியவற்றாலும் மாறும்.

‘செல்வி எதிர் கர்நாடக அரசு’ என்னும் வழக்கில் இந்திய உச்சநீதிமன்றம் 2010ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் தீர்ப்பு வழங்கியது. உண்மை கண்டறியும் மருந்துச் சோதனை, பொய் கண்டறியும் கருவி ஆகியவற்றோடு மூளை மின்னலைச் சோதனையையும் அத்தீர்ப்பு ஆராய்ந்தது. ஒருவரின் இசைவின்றி இவற்றுள் எதையும் நடத்தக்கூடாது என்று நீதிமன்றம் ஆணையிட்டது. எவரும் தமக்கு எதிராகத் தாமே சான்றளிக்குமாறு கட்டாயப்படுத்தப்படலாகாது என்னும் அரசமைப்புச் சட்டத்தின் 20(3)ஆம் உறுப்பை அது அடிப்படையாகக் கொண்டது. வாய் திறந்து சொல்லும் சொல்லுக்கு மட்டுமன்றி, வாய் திறவாத மனத்துக்கும் அவ்வுரிமையின் காவல் உண்டு என்பது அத்தீர்ப்பின் சாரம். பேச இயலாதவருக்குக் குரலாகும் அதே அலை, பேச விரும்பாதவரைப் பேசவைக்கும் கருவியாகிவிடக் கூடாது.

நிறைவாக

பெர்கர் தம் கண்டுபிடிப்பை வெளியிட்டு ஏறத்தாழ நூறாண்டுகள் ஆகின்றன. மூளையில் ஓடும் எண்ணங்களை மின்னலையால் படித்துவிட முடியும் என்று இன்றும் சொல்ல முடியாது. ஆயினும், கவனம் வெறும் சொல்லன்று. அது மூளையில் காலமும் அளவும் கொண்டு நிகழும் செயல் என்பது ஐயத்துக்கு இடமின்றித் தெளிவாகியுள்ளது. ஓர் ஒலியை நாம் தேர்ந்தெடுக்கும்போது மற்றவற்றை மட்டுப்படுத்துகிறோம். எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் முழுக் கவனம் தருவது இயலாது. ஆதலால், யாருக்குக் காது கொடுக்கிறோம் என்பது நாம் ஒவ்வொரு கணமும் செய்யும் தேர்வாகிறது.

ஒருவர் நம்மிடம் பேசும்போது அவர் சொல் நம் காதில் விழுகிறது. அது இயற்கை தந்தது. அச்சொல்லுக்குக் காது கொடுக்கிறோமா என்பது நம் கையில் இருக்கிறது. முன்னதற்கும் பின்னதற்கும் இடையிலுள்ள தொலைவு பத்தில் ஒரு நொடிதான்.

கலைச்சொல் விளக்கம்

நரம்பணு – மூளையிலும் நரம்புகளிலும் செய்தியைக் கடத்தும் உயிரணு
மூளை மின்னலை வரைவு – தலையின் மேற்பரப்பில் மூளையின் மின்மாற்றங்களைப் பதிவு செய்யும் முறை
நிகழ்வுசார் மின்னழுத்தம் – குறிப்பிட்ட ஒரு நிகழ்வை ஒட்டி மூளையில் எழும் மின் மறுமொழி
மில்லிநொடி – ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு

கற்பவை கற்றபின்

1. நண்பர்கள் இருவரை ஒரே நேரத்தில் வெவ்வேறு செய்தித்தாள் பகுதிகளை உரக்கப் படிக்கச் செய்க. ஒருவர் படிப்பதை மட்டும் திருப்பிச் சொல்ல முயல்க. மற்றவர் படித்ததில் எவை நினைவில் நின்றன என்பதைப் பட்டியலிட்டு வகுப்பறையில் உரையாடுக.
2. ‘காது’, ‘செவி’, ‘கண்’, ‘மனம்’ ஆகிய சொற்களோடு இணைந்து கவனத்தைக் குறிக்கும் தமிழ் வழக்குகளைத் தொகுத்து, அவற்றின் பொருள் வேறுபாட்டை எழுதுக.
3. ‘மனத்தின் செய்திகளை அறியும் கருவிகள்: தேவையா, தீங்கா?’ என்னும் தலைப்பில் சொற்போர் நிகழ்த்துக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலில் பதிவு செய்தவர்
அ) ரிச்சர்டு கேட்டன் ஆ) ஹான்ஸ் பெர்கர் இ) காலின் செர்ரி ஈ) ஜார்ஜ் டாசன்

2. பின்னணி இரைச்சல் 40 மைக்ரோவோல்ட் எனில், 100 பதிவுகளின் சராசரியில் அது எவ்வளவாகும்?
அ) 20 மைக்ரோவோல்ட் ஆ) 10 மைக்ரோவோல்ட் இ) 4 மைக்ரோவோல்ட் ஈ) 0.4 மைக்ரோவோல்ட்

குறுவினா

1. ‘காதில் விழுதல்’, ‘காது கொடுத்தல்’ வேறுபாடு தருக.
2. ஒலி வராதபோதும் பி300 அலை எழுவதன் காரணம் யாது?

சிறுவினா

1. மூளை மறுமொழியைப் பின்னணி இரைச்சலிலிருந்து பிரித்தெடுக்கும் முறையைத் திருவிழா மணியோசை உவமையால் விளக்குக.
2. ஹில்யார்டின் சோதனையில் ஒலிகள் ஊகிக்க இயலாத முறையில் அமைக்கப்பட்டதன் தேவையைப் புலப்படுத்துக.
3. உடல் செயலிழந்தோர் பி300 அலையின் துணையால் எழுதும் முறையை விவரிக்க.

நெடுவினா

1. ‘கவனம் வாயிலை அடைப்பதில்லை, ஒருக்களிக்கிறது’ என்னும் கருத்தைப் பாடப்பகுதியின் சான்றுகளைக் கொண்டு நிறுவுக.
2. பேச இயலாதவருக்குக் குரலாகும் கருவி, பேச விரும்பாதவருக்குத் தளையாகாமல் காப்பது எவ்வாறு? உச்சநீதிமன்றத் தீர்ப்பை முன்வைத்துக் கட்டுரைக்க.